இரண்டாவது அறைக்கு ஒரு வானொலிப் பெட்டி

வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்ற கேள்வி நம் தோட்டத்து வீடுகளில் இன்னும் கேட்கத்தான் படுகிறது. நியாயமான கேள்வி. முன்பெல்லாம் லயத்தில் ஒரு வீட்டில் வானொலியைத் திருப்பினால் நான்கு வீட்டுக்கு அது கேட்கும். பலகைச் சுவருக்கு அந்தப்புறம் இருப்பவர் செய்தி கேட்க வேண்டுமானால் இந்தப்புறத்தைப் பார்த்து, "கொஞ்சம் சத்தமா வைங்க அக்கா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். இப்போது நிலைமை வேறு. முன்னறையில் தொலைக்காட்சி ஓடுகிறது. அதே அறையின் மூலையில் பிள்ளை பாடம் படிக்கிறது. குசினியில் சமையல் செய்பவருக்குப் பாட்டு வேண்டும். பின்னறையில் படுத்திருக்கும் பாட்டிக்குச் செய்தியும் பக்திப் பாடலும் வேண்டும். ஆக, இரண்டாவது அறைக்கு ஒரு பெட்டி என்பது ஆடம்பரம் அன்று. அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதைப் பேச ஒரு காரணமும் உண்டு. நம் தோட்டத்தில் ஒரு குடும்பம். பாட்டி அந்தக் காலத்தில் பால்மரம் சீவியவர். பின்னர்ச் செம்பனையிலும் வேலை செய்தவர். இப்போது கண் பார்வை போய்விட்டது. நாள் முழுவதும் பின்னறையில்தான் இருக்கிறார். அவருக்கு உலகமே வானொலிதான் என்றால் மிகையில்லை. பல வருடம் உழைத்த அவருடைய பழைய கேசட் வானொலி ஒரு நாள் மூச்சை நிறுத்திவிட்டது. மகன் சம்பள நாளன்று பட்டணத்துக்குப் போய், அம்மாவுக்கு நல்லதாகவே வாங்க வேண்டும் என்று 260 வெள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தார். அட்டையில் 'டிஜிட்டல் ரேடியோ' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததாம்.

மறுநாள் மாலை அவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "சார், பொட்டி தேடு தேடுன்னு தேடுது. கடைசியில ஒரு ஸ்டேஷனும் இல்லேன்னு இங்கிலீசுல எழுதிக் காட்டுது. கெட்டுப் போனதைக் கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தோம். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அது தேடிய ஒலிபரப்புத்தான் நம் ஊர் வானத்தில் இல்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை 26 வேலை நாளாக வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். அப்படியென்றால் அந்தப் பெட்டியின் விலை நான்கு நாள் கூலி. நான்கு நாள் வெயிலிலும் மழையிலும் குலை வெட்டிய காசை, இங்கே கிடைக்காத ஒன்றுக்காக அவர் கொடுத்திருக்கிறார். அவரை நாம் குறை சொல்வதற்கில்லை. 'டிஜிட்டல்' என்ற அந்த ஒரு சொல்லை மூன்று வெவ்வேறு பொருளில் அச்சடித்து விற்கிறார்கள். அந்த மூன்றையும் பிரித்தறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, எண் காட்டும் பெட்டி. பழைய வானொலியில் ஒரு சிவப்பு முள் நகர்ந்து நிலையத்தைக் காட்டும். புதியவற்றில் சிறு கண்ணாடியில் 96.3 என்று எண்ணாகத் தெரியும். இதையும் 'டிஜிட்டல்' என்றே அட்டையில் போடுகிறார்கள். எண்ணால் காட்டுகிறது என்பதே இதன் பொருள். உள்ளே வருவது நாம் காலங்காலமாகக் கேட்கும் அதே எஃப்.எம். ஒலிபரப்புத்தான். இதில் ஏமாற்று என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இதற்காகக் கூடுதலாக ஐம்பது வெள்ளி கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவது, உண்மையான டிஜிட்டல் வானொலி. அட்டையில் டி, ஏ, பி என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் இருக்கலாம். நம் பாட்டியின் மகன் வாங்கி வந்தது இந்த வகையே. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

எஃப்.எம். ஒலிபரப்பு என்பது, விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிடுவதைப் போன்றது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். தள்ளி நிற்பவருக்குக் குரல் மங்கும், காற்றின் இரைச்சல் கலக்கும். ஆனாலும் தம் பெயரை அவர் பிடித்துக்கொள்வார். டிஜிட்டல் ஒலிபரப்போ அந்தப் பெயர்ப் பட்டியலை எண்களாக எழுதி அனுப்புவது போன்றது. எழுத்து படிக்கும்படி வந்து சேர்ந்தால் ஒரு பிசிறும் இல்லாமல் தெளிவாக இருக்கும். ஓர் அளவுக்குமேல் சிதைந்து வந்தாலோ படிக்கவே முடியாது. ஆகையால் அலை பலவீனமான இடத்தில் எஃப்.எம். இரைந்துகொண்டாவது பாடும்; டிஜிட்டல் பெட்டி நீரில் குமிழி விடுவதுபோல் ஓசை எழுப்பிவிட்டு அமைதியாகிவிடும். இன்னொரு வேறுபாடும் உண்டு. எஃப்.எம்.மில் ஓர் அலைவரிசைக்கு ஒரு நிலையம். டி.ஏ.பி.யிலோ, ஒரே லோரியில் பத்துக் குடும்பத்துச் சாமான்களை ஏற்றி வருவதைப்போல, ஓர் அலைத்தொகுதியில் பல நிலையங்கள் சேர்ந்து வரும். அதற்கென்று தனி ஒலிபரப்புக் கருவியும் கோபுரமும் வேண்டும். அவை இல்லாத ஊரில் எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியை வைத்தாலும் அது வெறும் பெட்டியே.

இந்த முறையை ஐரோப்பிய நாடுகள் 1980களில் சேர்ந்து ஆராய்ந்து உருவாக்கின. பிரிட்டனில் பி.பி.சி. 1995 செப்டம்பரில் இதைத் தொடங்கியது. 2007இல் இதனினும் சிக்கனமான, கூட்டல் குறி போட்ட புதிய முறை வந்தது. அதற்கு முன் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை புதிய முறையைப் புரிந்துகொள்ளா. நார்வே நாடு 2017இல் தன் தேசிய எஃப்.எம். ஒலிபரப்புகளை நிறுத்திவிட்டு முழுக்க இதற்கு மாறியது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 இறுதியில் எஃப்.எம்.மை நிறுத்தியது. அந்த நாடுகளில் இரண்டாவது அறைக்கு வானொலி வாங்குகிறவர் இந்த மூன்று எழுத்தைத் தேடித்தான் வாங்க வேண்டும். நம் பக்கத்தில் சிங்கப்பூர் 1999இல் இதைத் தொடங்கி 2011இல் நிறுத்திவிட்டது. அப்போது ஆசையாகப் பெட்டி வாங்கியவர்களுக்குக் கடைசியில் மிஞ்சியது அதிலிருந்த எஃப்.எம். பகுதிதான். நம் மலேசியாவில் சோதனை ஒலிபரப்புகள் நடந்தனவே தவிர, தோட்டத்து வீடுகள்வரை எட்டும் முறையான சேவையாக அது வளரவில்லை. ஐரோப்பாவுக்கென்று செய்த பெட்டிகள் இணையக் கடைகள் வழியாக இங்கேயும் வருகின்றன. விற்பவருக்கு அது ஒரு சரக்கு, அவ்வளவே.

அப்படியானால் அந்த 260 வெள்ளிப் பெட்டி முழுக்க வீணா? இல்லை. அதில் எஃப்.எம். பகுதியும் இருந்தது. ஒரு பொத்தானை இரண்டு முறை அழுத்தியதும் மின்னல் எஃப்.எம். தெளிவாகவே வந்தது. பாட்டியின் முகம் மலர்ந்தது. ஆனால் சங்கடம் அதோடு தீரவில்லை. தோட்டத்தில் மின்சாரம் அவ்வப்போது அற்று வரும் அல்லவா? ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி மறுபடி டிஜிட்டல் பக்கம் போய் நின்றுகொண்டு, "தேடட்டுமா?" என்று கண்ணாடியில் எழுதிக் கேட்கும். கண் தெரியாத கிழவி அதற்கு என்ன பதில் சொல்லுவார்? காலை ஏழு மணிக்கு மின்சாரம் அற்றால், மகன் வேலை முடிந்து வரும்வரை அந்த அறை மௌனமாகவே கிடக்கும். பேத்தி பள்ளி விட்டு வந்தால் சரிசெய்து கொடுப்பாள். அதுவரை பாட்டிக்குக் கூரையில் காக்கை நடக்கும் சத்தம்தான். கடையில் மாற்றிக் கேட்டதற்கு, பழுதில்லாத பெட்டியை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார்களாம். அவர்கள் பக்கம் அதுவும் சரிதான்.

மூன்றாவது வகைக்கு வருவோம். இணைய வானொலி. இது கோபுரத்து அலையைத் தேடுவதில்லை. வீட்டில் உள்ள வை-ஃபை வழியாகவோ கைப்பேசியின் இணையம் வழியாகவோ ஒலியை வரவழைக்கிறது. மின்னலும் இப்படிக் கிடைக்கிறது. சிங்கப்பூரின் ஒலி 96.8உம், தமிழ்நாட்டு நிலையங்களும்கூடக் கிடைக்கும். ஆசை காட்டும் பொருள்தான். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். சாதாரணத் தரத்தில், அதாவது விநாடிக்கு 128 கிலோபிட் அளவில், ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 58 மெகாபைட் செலவாகும். நாளுக்கு ஐந்து மணி நேரம், மாதம் முப்பது நாள் என்றால் எட்டரை ஜிகாபைட்டுக்குமேல் போய்விடும். வீட்டுக்குக் கம்பிவழி இணையம் வந்திருந்தால் இது ஒரு பொருட்டே அல்ல. முன்பணம் கட்டிப் பயன்படுத்தும் கைப்பேசி எண்ணில், பிள்ளைகளின் பாடத்துக்கும் அதே இணையம்தான் என்றால், மாதக் கடைசியில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். பாட்டிதான் விட்டுக்கொடுப்பார் என்பது நமக்குத் தெரியும்.

இரண்டு அறையில் இரண்டு பெட்டி வைப்பவர்கள் அறிய வேண்டிய இன்னொரு விந்தை உண்டு. எஃப்.எம். பேசிய கணமே வந்து சேரும். டிஜிட்டல் முறையில் வருவது, எண்ணாக மாற்றி மறுபடி ஒலியாக்க நேரம் எடுப்பதால் சில விநாடி பிந்தும். இணையத்தில் வருவது அதைவிடப் பிந்தும், சமயத்தில் அரை நிமிடம்கூட ஆகும். முன்னறையில் கைப்பேசி, குசினியில் எஃப்.எம். என்று ஒரே நிலையத்தை வைத்தால், செய்தி வாசிப்பவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லுவார். வீட்டுக்குள்ளேயே எதிரொலி! பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுது பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இரண்டு அறையிலும் ஒரே நிலையம் ஒன்றாகக் கேட்க வேண்டுமானால் இரண்டும் ஒரே முறையில் இயங்க வேண்டும். கடிகாரத்தைச் சரிசெய்வதும் எஃப்.எம். கேட்டுத்தான் நல்லது.

சரி, நம் வீட்டுக்கு டிஜிட்டல் வானொலியே கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பலர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நாட்டின் பழைய முறைத் தொலைக்காட்சி ஒலிபரப்பு 2019 அக்டோபரோடு நிறுத்தப்பட்டு, மைஃபிரீவியூ என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு அதன் இடத்துக்கு வந்தது நினைவிருக்கும். குறைந்த வருமானக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதற்கான சிறு பெட்டியை இலவசமாகவும் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியில் தொலைக்காட்சி அலைவரிசைகள் மட்டுமல்ல, மின்னல் உள்ளிட்ட வானொலி நிலையங்களும் வருகின்றன. தொலை இயக்கியில் வானொலிப் பட்டியலுக்குப் போனால் காணலாம். மாதக் கட்டணம் கிடையாது, இணையமும் தேவையில்லை. கூரைமேல் உள்ள தொலைக்காட்சி ஏரியல் ஒழுங்காக இருந்தால் போதும்.

புதிய தொலைக்காட்சி வாங்கியபின் அந்தச் சிறு பெட்டி சும்மா கிடக்கும் வீடுகள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் அதை இரண்டாவது அறைக்குப் பயன்படுத்தலாம். பெட்டியின் பின்புறத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளைகள் இருந்தால், அவற்றிலிருந்து ஒரு கம்பியை எடுத்துப் பழைய ஆம்பிளிஃபையரின் அல்லது மினி காம்போவின் அதே நிறத் துளைகளில் செருகலாம். முதல் தடவை நிலையத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் கடைசியாக வைத்த நிலையத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அதன்பின் திரை இல்லாமலே பாடும். அந்த அறைக்கும் ஏரியல் கம்பி ஒன்று இழுக்க வேண்டியிருக்கும். புதுப் பெட்டியின் விலையோடு பார்த்தால் அந்தக் கம்பியின் விலை ஒன்றுமேயில்லை. டிஜிட்டல் வானொலிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இந்த வழிதான்.

மற்றவர்களுக்கு? நல்லதோர் எஃப்.எம். பெட்டி போதும் என்பதே நம் கருத்து. அதைப் பார்த்து வாங்குவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கடைக்குப் போகும் முன் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வானொலியை இரவல் வாங்கி வந்து, எந்த அறைக்கு வேண்டுமோ அந்த அறையிலேயே வைத்துத் திருப்பிப் பாருங்கள். பட்டணத்துக் கடையில் தெளிவாகப் பாடுவது, குன்றுக்கு அந்தப்புறம் உள்ள நம் லயத்தில் இரையலாம். தகரக் கூரை அலையைத் தடுக்கும். மேட்டு லயத்தில் ஒரு மாதிரி, பள்ளத்து லயத்தில் ஒரு மாதிரி. நிலையத்தின் எண்ணும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் 96.3இல் வருகிறது என்பதற்காகப் பேராவிலும் ஜொகூரிலும் அதே எண்ணில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஜொகூரின் தென்கோடித் தோட்டங்களில் இருப்பவர்களுக்குச் சிங்கப்பூரின் ஒலி நிலையத்தையும் எஃப்.எம்.மிலேயே பிடிக்கும் வசதி உண்டு.

பண்டல் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும், ஒலியும் அருமையாக இருக்கும். ஆனால் இரண்டு கண்ணிகள் அதில் உண்டு. ஜப்பானில் எஃப்.எம். 76 மெகாஹெர்ட்சில் தொடங்கும். அங்கத்திய பழைய பெட்டிகள் பல 90 வரைதான் போகும். நமக்கோ 88 முதல் 108 வரை வேண்டும். 96.3 அந்தப் பெட்டியின் எல்லைக்கு வெளியே நிற்கும். இரண்டாவது, ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் சுவரில் வருவது 230, 240. மாற்றுப் பெட்டி இல்லாமல் செருகினால் வாங்கிய அன்றைக்கே புகை வரும். பின்புறத் தகட்டில் வோல்ட் எண்ணைப் படித்துப் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள். அடாப்டரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, வாட் கணக்கு. அட்டையில் 500 வாட், 1000 வாட் என்று போட்டிருப்பார்கள். கூடவே பி.எம்.பி.ஓ. என்று சிறிய எழுத்தில் இருக்கும். அது கண் இமைக்கும் நேரத்துக்குக்கூட நிற்காத ஒரு கற்பனை உச்சத்தைக் காட்டும் எண். வியாபாரத்துக்கு உதவும், காதுக்கு உதவாது. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்தான் தொடர்ந்து வரும் உண்மையான பலம். அது போடவில்லையென்றால் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும். அடாப்டரில் 9 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். பதின்மூன்றரை வாட். உள்ளே போவதே பதின்மூன்றரை என்றால் வெளியே 500 எப்படி வரும்? ஒரு வாளிப் பாலை ஊற்றிவிட்டு முப்பது வாளி அள்ள முடியுமா? படுக்கையறைக்கும் குசினிக்கும் உண்மையான மூன்று, நான்கு வாட் தாராளம். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமானால், வாட்டைவிட ஸ்பீக்கரின் அளவும் பெட்டி கனமாக இருப்பதும் முக்கியம். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டியில் செய்தி வாசிப்பவர் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும்.

புதுப் பெட்டியே வேண்டாம், முன்னறை மினி காம்போவிலிருந்து ஒரு கம்பி இழுத்துப் பின்னறையில் இன்னொரு ஸ்பீக்கர் வைத்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. வைக்கலாம். பழைய ஆம்பிளிஃபையர்கள் சிலவற்றில் அதற்கென்றே ஏ, பி என்று இரண்டு இணைப்புகள் இருக்கும். ஆனால் ஸ்பீக்கரின் பின்னால் உள்ள ஓம் எண்ணைப் பார்க்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் 4 ஓம் ஆகிவிடும். ஆம்பிளிஃபையர் 6 ஓமுக்குக் கீழே கூடாது என்று எழுதியிருந்தால் அது சூடேறிக் கருகும். இந்த ஏற்பாட்டில் இன்னொரு குறை, முன்னறையில் என்ன பாடுகிறதோ அதுவேதான் பின்னறையிலும் பாடும். மாமியாருக்குச் செய்தி வேண்டும், மருமகளுக்குப் பாட்டு வேண்டும் என்றால் வீட்டில் அமைதி கெடும். ஓம் கணக்கைவிட அது பெரிய கணக்கு.

பேட்டரியிலும் ஓடும் பெட்டியாகப் பாருங்கள். இதை நாம் அழுத்தியே சொல்வோம். 2014 டிசம்பரில் கிழக்குக் கரை மாநிலங்களிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் வந்த பெருவெள்ளம் யாருக்கும் மறக்காது. மின்சாரம் போய், கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்து, இணையமும் நின்றுவிட்டால், எந்தச் சாலை மூடியிருக்கிறது, எங்கே தங்குமிடம் திறந்திருக்கிறது என்ற செய்தியை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடியது பேட்டரி வானொலிதான். முள் நகரும் சாதாரண எஃப்.எம். பெட்டி மிகக் குறைந்த மின்சாரம் எடுக்கும். டி.ஏ.பி. பெட்டி பேட்டரியைப் பல மடங்கு வேகமாகத் தின்றுவிடும். பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்; உள்ளே கசிந்தால் பெட்டி போச்சு.

அலை சற்றுக் குறைவாக இருக்கும் வீட்டுக்குக் காசில்லா வைத்தியம் ஒன்று சொல்கிறோம். நீளும் ஏரியலின் முனையில் சுமார் ஒன்றரை மீட்டர் சாதாரணக் கம்பியைச் சுற்றிச் சன்னல் ஓரமாக இழுத்துவிடுங்கள். பெட்டியின் பின்னால் ஏரியல் துளை இருந்தால், இரட்டைக் கம்பியின் ஒரு முனையை 75 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிரித்து இருபுறமும் கையை விரித்தாற்போல் சுவரில் ஆணியடித்து, மற்ற முனையைத் துளையில் இணையுங்கள். ஏன் 75 என்றால், நம் எஃப்.எம். அலையின் நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். கைப்பேசி சார்ஜரையும் எல்.இ.டி. விளக்கையும் பெட்டியின் பக்கத்தில் வைக்காதீர்கள், அவை இரைச்சலைக் கிளப்பும். மழைக்கு இருட்டிக்கொண்டு வரும்போது செருகியைக் கழற்றுங்கள். வெளியே போன கம்பி எதுவானாலும் அதையும் கழற்றுங்கள். நம் நாட்டு இடி எப்படிப்பட்டது என்று தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்காக வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கென்றால் பொத்தானும் கண்ணாடியும் இருக்கலாம். வயதானவர்களுக்கென்றால் கைக்குப் பிடிபடும் திருகுகள் இரண்டு போதும். ஒன்று திறந்து மூடவும் சத்தத்துக்கும், மற்றது நிலையத்துக்கு. திறக்கும்போது 'டிக்' என்று கையில் தெரிய வேண்டும். கடைக்கு அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். நடக்க முடியாதவரானால், பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நீங்களே இயக்கிப் பாருங்கள்.

அந்தப் பாட்டியின் கதையை முடிக்காமல் விட்டால் நேயர்கள் கோபிப்பீர்கள். 260 வெள்ளிப் பெட்டி இப்போது குசினியில் இருக்கிறது. மருமகள் அதை எஃப்.எம்.மில் வைத்துக்கொண்டு சமைக்கிறார். மின்சாரம் அற்று வந்தால் ஒரு முறை முணுமுணுத்துவிட்டுப் பொத்தானை அழுத்திக்கொள்கிறார். பாட்டிக்கு முள் நகரும் பேட்டரி வானொலி ஒன்றை 70 வெள்ளிக்கு வாங்கினார்கள். முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. நிலையத் திருகைக் கை தவறி நகர்த்திவிட்டால் மறுபடி பிடிக்க அவருக்குத் தெரியவில்லை. பேத்தி ஒரு யோசனை செய்தாள். மின்னல் வரும் இடத்தில் திருகின்மேல் ஒரு சொட்டும், அதற்கு நேராகப் பெட்டியின்மேல் ஒரு சொட்டும் நகப்பூச்சு வைத்தாள். காய்ந்ததும் அவை இரண்டும் கடுகு அளவு மேடாக நின்றன. பாட்டி விரலால் தடவி இரண்டு மேட்டையும் நேராகச் சேர்க்கிறார், நிலையம் வந்துவிடுகிறது. எங்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் துணைக்கருவி செய்வதற்கென்றே ஒரு பாடம் வைத்திருந்தார்கள். அங்கே யாருக்கும் இது தோன்றவில்லை.